தடத்துக்குள் நுழையும் இடையூறு: மின்சுற்றுப் பலகையில் மின்காந்தப் பிணைப்பை முன்கணிப்பது எப்படி?

ஒலிபெருக்கியின் அருகே ஜிஎஸ்எம் வகைக் கைபேசியை வைத்திருந்தவர்கள், அழைப்பு மணி அடிப்பதற்குச் சற்று முன்பே ஒலிபெருக்கி ‘டிர்ர், டிர்ர்’ என்று உறுமுவதைக் கேட்டிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே கம்பி ஏதும் கிடையாது. கைபேசி அனுப்புவது 900 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ அலை; மனிதக் காதுக்கு எட்டும் எல்லையோ ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ். அப்படியிருந்தும் ஒலி கேட்கிறது என்றால், அந்த அலை ஒலிபெருக்கிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் எங்கோ நுழைந்து, வேறு உருவம் எடுத்து வெளிவந்திருக்கிறது என்று பொருள்.

இப்படி நேர்வதை ‘நாய்ஸ் ஏறிவிட்டது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது மின்னணுப் பணியிடங்களில் வழக்கம். அதற்கு மேல் விளக்கம் கேட்டால், தடம் நீளமாக இருந்தால் ஆன்டெனா ஆகிவிடும் என்பார் ஒருவர். கிரவுண்டை நன்றாகக் கொடுத்தால் நாய்ஸ் அதில் இறங்கிவிடும் என்பார் இன்னொருவர். இதற்கெல்லாம் கணக்கே போட முடியாது, பலகையைச் செய்து சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனால்தான் தெரியும் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் மூன்றும் நிலைத்திருக்கின்றன. ஆனால் எது எந்த அளவுக்கு உண்மை என்று பிரித்தறியாமல் பலகை வரைகிறவர், தேவையில்லாத இடத்தில் கவசம் போட்டுவிட்டு, காக்க வேண்டிய இடத்தைத் திறந்து வைத்துவிடுகிறார். எவ்வளவு இடையூறு ஏறும் என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டே பெருமளவுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட முடியும். அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து காண்போம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

மின்சுற்றுப் பலகை, அதாவது பிசிபி, மின்காப்புப் பொருளாலான ஒரு தகடு. அதன்மேல் ஒட்டிய மெல்லிய செப்புக் கோடுகளே பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. அந்தக் கோடு ஒவ்வொன்றையும் தடம் என்று அழைப்போம். பல பலகைகளில் ஓர் அடுக்கு முழுவதும் செம்பால் நிரப்பப்பட்டு, எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான சுழி மின்னழுத்தப் பரப்பாகப் பயன்படுகிறது. அதுவே கிரவுண்ட் தளம்.

வெளியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும் மின்காந்த ஆற்றல் ஒரு சுற்றின் வேலையைக் கெடுக்குமானால் அது மின்காந்த இடையூறு. அந்த ஆற்றல் மூலத்திலிருந்து தடத்துக்குள் ஏறும் செயலே பிணைப்பு. ஆக, முன்கணிப்பு என்றால் மூன்று வினாக்களுக்கு விடை காண்பது: பலகை இருக்கும் இடத்தில் புலம் எவ்வளவு வலியது, அதில் எத்தனை மில்லிவோல்ட் தடத்தில் ஏறுகிறது, ஏறியதைச் சில்லு (சிப்) தாங்குமா. பேச்சு பெரும்பாலும் முதல் வினாவோடு நின்றுவிடுகிறது. பலகை வரைகிறவரின் கையில் இருப்பதோ இரண்டாவது வினா.

மழையில் பிடித்த தட்டு

கொட்டும் மழையில் ஒரு தட்டை நீட்டிப் பிடித்தால் எவ்வளவு நீர் சேரும்? மழையின் வேகத்தையும், தட்டின் பரப்பையும், அதைப் பிடித்திருக்கும் கோணத்தையும் பொறுத்தது அது. அதே தட்டைச் செங்குத்தாக, விளிம்பு மட்டும் மழைக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தால், எவ்வளவு பெரிய தட்டானாலும் ஏறத்தாழ ஒன்றும் சேராது.

மின்காந்த அலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. காந்தப்புலத்தை மழையாக எண்ணிக்கொண்டால், தட்டு எது? தடம் தட்டு ஆகாது. அது வெறும் கோடு, கோட்டுக்குப் பரப்பு இல்லை. மின்னோட்டம் ஒரு தடத்தின் வழியே போனால் வேறு ஏதோ ஒரு வழியில் மூலத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். அந்தத் திரும்பு வழியும் தடமும் சேர்ந்து ஒரு வளையத்தை உண்டாக்குகின்றன. அவ்வளையம் சூழ்ந்திருக்கும் பரப்பே நமது தட்டு. தனித் தடம் எதையும் பிடிப்பதில்லை, தடமும் அதன் திரும்பு வழியுமாகிய சோடிதான் பிடிக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்தத் துறையின் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

‘நீளமான தடம் ஆன்டெனா’ என்ற கூற்றில் விடுபட்டுப் போவது இதுதான். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள தடம், தனக்கு 0.2 மில்லிமீட்டர் கீழே பிளவில்லாத கிரவுண்ட் தளம் இருக்குமானால், 0.4 சதுர சென்டிமீட்டர் பரப்பையே சூழ்கிறது. 3 சென்டிமீட்டர் தடம் ஒன்றின் திரும்பு வழி 2 சென்டிமீட்டர் தள்ளி ஓடுமானால், அது சூழும் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். குட்டைத் தடம்தான் பதினைந்து மடங்கு பெரிய தட்டு.

திரும்பு வழி எங்கே போகிறது?

வரைபடத்தில் கிரவுண்ட் குறியைப் போட்டுவிட்டால் மின்னோட்டம் அங்கே போய் ‘இறங்கி’ மறைந்துவிடுவதுபோல் ஓர் எண்ணம் உண்டாகிறது. மின்னோட்டம் எங்கும் மறைவதில்லை. அது மூலத்துக்குத் திரும்புகிறது. எவ்வழியே திரும்புகிறது என்பதை அதிர்வெண் தீர்மானிக்கிறது.

தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் மின்தடை குறைந்த வழியை நாடித் தளம் முழுவதும் பரவிச் செல்கிறது. அதிர்வெண் உயர உயர, மின்தடையை விடத் தூண்டல் பெரிதாகிவிடுகிறது. தூண்டல் என்பது மின்னோட்டம் மாறும்போது அந்த மாற்றத்தை எதிர்த்து நிற்கும் பண்பு. வளையம் பெரிதாக இருந்தால் தூண்டலும் பெரிதாக இருக்கும். ஆகவே மெகாஹெர்ட்ஸ் அளவை எட்டும்போது, திரும்பும் மின்னோட்டம் மிகச் சிறிய வளையத்தைத் தேடி, தடத்துக்கு நேர் கீழே, அதன் நிழலைப்போல ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. யாரும் கோடு போட்டுக் கொடுக்காமலேயே நல்ல வழியை அது தானாகக் கண்டுகொள்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்த நிழலை வெட்டாமல் இருப்பதுதான்.

வெட்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு பலகை எனக்குக் கற்றுக் கொடுத்தது. தெர்மோகப்பிள் எனப்படும் வெப்பமானிக் கம்பியின் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கிக் காட்டும் பலகை அது. கையளவுத் தொலைவில் ஒரு வாக்கி-டாக்கியின் அனுப்பு பொத்தானை அழுத்தினால் காட்டும் வெப்பநிலை பல டிகிரி தாவும். விட்டால் பழைய எண்ணுக்குத் திரும்பும். எல்லோரும் வெளியே தொங்கிய கேபிளையே சந்தேகித்தோம். கேபிளைக் கழற்றிவிட்டு, இணைப்பானின் இரு முனைகளையும் குறுஞ்சுற்று செய்து பார்த்தபோதும் எண் தாவியது. பிறகு பலகையின் அடுக்குகளைத் தனித்தனியே பார்த்தபோதுதான், கிரவுண்ட் தளத்தில் ‘அனலாக்’, ‘டிஜிட்டல்’ என்று பிரிப்பதற்காக ஒரு நீண்ட பிளவு விடப்பட்டிருந்ததும், அந்த நுண்சைகையை (சிறிய மின் சிக்னலை) ஏந்திய தடம் பிளவின் குறுக்கே கடந்து சென்றதும் தெரிந்தன. தடம் தாண்டிய இடத்தில் அதன் நிழல் தாண்ட முடியவில்லை. பிளவின் முனை வரை சுற்றிப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அந்தச் சுற்றுவழி முழுவதும் மழைக்கு விரித்த தட்டாகிவிட்டது. சுத்தமாக வைக்கும் நோக்கத்தோடு வெட்டிய பிளவே வாசலாகிப் போனது.

இதுவரை கண்டது இவ்வளவு: புலம் ஏறுவது வளையத்தில், வளையத்தின் ஒரு பாதி கண்ணுக்குத் தெரியும் தடம், மறுபாதி பலரும் பார்க்க மறக்கும் திரும்பு வழி, தளத்தில் பிளவு விழுந்தால் மறுபாதி விலகி வளையம் பெரிதாகிறது.

ஃபாரடேயின் விதியும் ஒரு சிறு கணக்கும்

மழை உவமை ஓரிடத்தில் பொருந்தாது. மழை சீராகப் பெய்தாலும் தட்டு நிறையும். காந்தப்புலம் மாறாமல் நின்றால் வளையத்தில் ஒன்றும் தோன்றாது. மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்தது இதுவே: வளையத்தின் ஊடே செல்லும் காந்தப்பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அந்த அளவுக்கே வளையத்தில் மின்னியக்கு விசை, அதாவது தூண்டப்பட்ட வோல்ட், தோன்றும். காந்தப்பாயம் என்பது காந்தப்புலத்தின் செறிவை வளையத்தின் பரப்பால் பெருக்கிய அளவு. எனவே அதிர்வெண் இரு மடங்கானால் ஏறும் மின்னழுத்தமும் இரு மடங்காகும்.

இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். பலகை இருக்கும் இடத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், மீட்டருக்கு 10 வோல்ட் வலிமையுள்ள புலம் இருப்பதாகக் கொள்வோம். இது கற்பனை அளவு அன்று. கதிர்வீச்சு இடையூறைத் தாங்கும் திறனைச் சோதிப்பதற்காக ஐஇசி என்னும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த ஐஇசி 61000-4-3 தரநிலையில் வரும் அளவுகளில் ஒன்று. தொலைவிலிருந்து வரும் அலையில், மின்புலத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தால் காந்தப்புலத்தின் செறிவு கிடைக்கும். 10-ஐ நொடிக்கு 30 கோடி மீட்டரால் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 33 நானோடெஸ்லா. இது மாறும் விரைவைப் பெற, அதிர்வெண்ணை 6.28-ஆல் பெருக்கி இதனோடு பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 21. அதாவது, வளையத்தின் பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 21 வோல்ட் என்ற வீதத்தில் இடையூறு ஏறும்.

இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மூன்று பலகைகளை ஒப்பிடலாம். மூன்றிலும் தடத்தின் நீளம் 10 சென்டிமீட்டர். அலை மிக மோசமான கோணத்தில் வருகிறது. முதற்பலகையில் கிரவுண்ட் தளம் இல்லை, திரும்பு தடம் 2 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறது: பரப்பு 0.002 சதுர மீட்டர், ஏறுவது 42 மில்லிவோல்ட். இரண்டாவது, 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டடுக்குப் பலகை. அடிப்பக்கம் முழுத் தளம்: ஏறுவது 3.4 மில்லிவோல்ட். மூன்றாவது, தடத்துக்கு 0.2 மில்லிமீட்டர் கீழேயே தளம் உள்ள நான்கடுக்குப் பலகை: ஏறுவது 0.42 மில்லிவோல்ட். தளத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்வதால் பின்னிரண்டு எண்களையும் இரு மடங்காக எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்படிச் செய்தாலும் முதற்பலகைக்கும் மூன்றாவதற்கும் ஐம்பது மடங்கு வேறுபாடு நிற்கிறது. தடத்தின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மின்புலத்துக்கும் இதில் பங்கு உண்டு. தடமும் தளமும் எதிரெதிரே நிற்கும் இரு தகடுகளாக ஒரு சிறு மின்தேக்கியாய் அமைகின்றன. மாறும் மின்புலம் அவற்றிடையே மின்னூட்டத்தை இங்குமங்கும் தள்ளுவதால், தடத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு சிறிய மின்னோட்ட மூலத்தை வைத்ததுபோல் ஆகிறது. காந்தப்புலத்தின் விளைவோ தடத்தின் நடுவே தொடராக வைத்த ஒரு சிறிய மின்கலத்தைப் போன்றது. இவ்விரண்டும் தடத்தின் ஒரு முனையில் ஒன்றையொன்று கூட்டியும் மறுமுனையில் ஒன்றையொன்று குறைத்தும் செயல்படக்கூடும். எந்த முனை எது என்பது அலை வரும் திசையைப் பொறுத்தது. ஒரே தடத்தின் இரு முனைகளில் அளந்தவர்கள் இருவேறு எண்களைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முனைகளில் என்ன இணைக்கப்பட்டிருக்கிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். மாறுமின்னோட்டத்துக்கு ஒரு பாகம் காட்டும் மொத்த எதிர்ப்பை இம்பீடன்ஸ் என்கிறோம். முனைகளில் இம்பீடன்ஸ் தாழ்ந்திருந்தால் காந்தப்புலத்தின் பங்கும், உயர்ந்திருந்தால் மின்புலத்தின் பங்கும் மேலோங்கும்.

படகும் அலையும்

மேலே போட்ட கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கடலில் ஒரு சிறு படகு, நீண்ட அலையின்மேல் முழுதாக ஏறி முழுதாக இறங்கும். படகின் முனைக்கும் கடைக்கும் ஒரே நேரத்தில் ஒரே நிலைதான். அலையின் நீளத்தை ஒத்த நீளமுள்ள கப்பலுக்கு அப்படியில்லை. அதன் முனை முகட்டில் இருக்கும்போது நடுப்பகுதி பள்ளத்தில் இருக்கும். ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு விசையை உணரும்.

தடமும் அப்படியே. அலையின் இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு அலைநீளம். காற்றில் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். 1 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 30 சென்டிமீட்டர். பலகையின் மின்காப்புப் பொருளில் சைகை மெதுவாகச் செல்வதால் அங்கே அலைநீளம் மேலும் சுருங்குகிறது. பெரும்பாலும் பயன்படும் எஃப்ஆர்-4 பலகையின் மேலடுக்குத் தடத்தில் சைகையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 17 கோடி மீட்டர்தான். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவான தடத்தைப் படகாகக் கருதலாம் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி. 10 சென்டிமீட்டர் தடத்துக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 170 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மேற்சொன்ன பெருக்கல் போதும். அதற்கு மேலே தடம் கப்பலாகிவிடுகிறது.

கப்பலுக்கு என்ன செய்வது? தடத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டியதாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் புலம் ஒரு சிறு மூலத்தை வைப்பதாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு மூலத்திலிருந்தும் இரு புறமும் சிற்றலைகள் ஓடுகின்றன. முனைகளை அடைந்து, அங்கே முழுதாக உறிஞ்சப்படாவிட்டால் எதிரொலித்துத் திரும்புகின்றன. எல்லாச் சிற்றலைகளையும் அவற்றின் காலத் தாமதத்தோடு கூட்டினால் முனையில் தோன்றும் மின்னழுத்தம் கிடைக்கும். இத்தகைய கூட்டலுக்கு அடித்தளம், தந்திக் கம்பிகளுக்காக ஆலிவர் ஹெவிசைட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிய சமன்பாடுகள். அவற்றோடு வெளிப்புலத்தையும் மூலமாகச் சேர்க்கும் முறையை டெய்லர், சாட்டர்வைட், ஹாரிசன் ஆகிய மூவர் 1965-ல் தந்தனர். 1980-ல் அக்ரவாலும் அவருடைய கூட்டாளிகளும், 1993-ல் ரஷீதியும் வேறு வடிவங்களைத் தந்தனர். ஒன்று இரு புலங்களையும், ஒன்று மின்புலத்தை மட்டும், ஒன்று காந்தப்புலத்தை மட்டும் மூலமாக எடுத்துக்கொள்கிறது. மூன்றும் முனையில் தரும் விடை ஒன்றே. எந்த வடிவம் சரி என்று சண்டையிட வேண்டியதில்லை. ஒன்றை எடுத்தால் அதையே கடைசி வரை பின்பற்ற வேண்டும், ஒரு வடிவத்தின் மூலத்தை இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது.

எதிரொலிகள் சரியான தாளத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நிலையே ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய வீச்சைத் தருவதுபோல, இந்நிலையில் சிறு புலமும் பெரிய மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். தடத்தின் ஒரு முனையில் தாழ்ந்த இம்பீடன்ஸும் மறுமுனையில் உயர்ந்த இம்பீடன்ஸும் இருந்தால், தடத்தின் நீளம் கால் அலைநீளமாகும்போது ஒத்ததிர்வு நிகழும். இரு முனைகளும் ஒரே வகையினவானால் அரை அலைநீளத்தில். நமது 10 சென்டிமீட்டர் தடத்துக்கு முதலாவது ஏறத்தாழ 425 மெகாஹெர்ட்ஸ், இரண்டாவது 850 மெகாஹெர்ட்ஸ். ஒன்று வாக்கி-டாக்கிகளின் யுஎச்எஃப் அலைவரிசைக்கும், மற்றது கைபேசி அலைவரிசைக்கும் மிக அருகே வந்து நிற்கின்றன. சாதாரண அளவுள்ள பலகைகளைக் கைக்கருவிகள் அடிக்கடி தொந்தரவு செய்வதற்கு இதுவும் காரணம்.

சுருக்கமாக: தடம் அலைநீளத்தைவிட மிகச் சிறியதானால் பரப்பு, புலம், அதிர்வெண் ஆகியவற்றின் பெருக்கலே கணக்கு. அப்படியில்லையானால் தாமதங்களையும் எதிரொலிகளையும் சேர்க்க வேண்டும், ஒத்ததிர்வு விழும் அதிர்வெண்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்துத் தடம்

இடையூறு எப்போதும் தொலைவிலிருந்துதான் வரும் என்பதில்லை. அரை மில்லிமீட்டர் தள்ளி ஓடும் தடமே பெரிய மூலமாக இருக்கலாம். இதைக் குறுக்குப் பேச்சு என்று சொல்வார்கள். இங்கே புலம் இன்னும் அலையாகப் பிரிந்து போகாததால், இரு தடங்களுக்கு இடையிலான மின்தேக்குத்திறனையும் பரிமாற்றுத் தூண்டலையும் கொண்டு கணக்கிடுகிறோம். இரு தடங்களும் காற்றின் வழியே ஒரு சிறு மின்தேக்கியாலும் ஒரு சிறு மின்மாற்றியாலும் இணைந்திருப்பதாகக் கருதினால் போதும். இவற்றிடையே 1 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் இருந்து, ஒன்றில் 3.3 வோல்ட் சைகை 1 நானோநொடியில் ஏறினால், அந்த நொடிப்பொழுதில் மற்றதில் தள்ளப்படும் மின்னோட்டம் 3.3 மில்லியாம்பியர்.

இதில் பரவலான ஒரு தவறு உண்டு. கடிகாரச் சைகை 10 மெகாஹெர்ட்ஸ்தானே, அதிலென்ன பயம் என்று கேட்கிறார்கள். பிணைப்புக்கு முக்கியமானது சைகை நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதே. 1 நானோநொடியில் ஏறும் சைகை, கடிகாரம் எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும், ஏறத்தாழ 350 மெகாஹெர்ட்ஸ் வரை வலிய கூறுகளைக் கொண்டிருக்கும்.

ஏறியது என்ன செய்யும்?

சில மில்லிவோல்ட் ஏறியதால் என்ன கெட்டுப்போகும் என்பது மூன்றாவது வினா. டிஜிட்டல் சில்லு ஒன்று 0-க்கும் 1-க்கும் இடையே நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் இடைவெளி வைத்திருப்பதால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நுண்சைகையைப் பெருக்கும் சுற்றின் கதை வேறு.

அத்தகைய பெருக்கியால் 450 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெருக்க முடியாது என்பது சரியே. ஆயினும் அதன் உள்ளீட்டில் இருக்கும் குறைக்கடத்திச் சந்தி, மின்னோட்டத்தை ஒரு திசையில் கூடுதலாகவும் மறுதிசையில் குறைவாகவும் விடுகிறது. அதனால் மேலும் கீழும் சமமாக ஆடும் அலையின் சராசரி, சுழியிலிருந்து சற்றே நகர்ந்துவிடுகிறது. இதுவே அலைதிருத்தம். நகர்ந்த சராசரி, ஆடாமல் நிற்கும் ஒரு மின்னழுத்தமாக (டிசி) மாறி, உண்மைச் சைகையோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகிறது. கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தருவது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். ஆகவே சராசரி 1 மில்லிவோல்ட் நகர்ந்தாலே, வெப்பநிலை 24 டிகிரி உயர்ந்துவிட்டதாகக் கருவி சொல்லும். கைபேசி உறுமலும் இதே வழியில் வருவதுதான்: ஜிஎஸ்எம் கைபேசி தொடர்ச்சியாக அனுப்பாமல் நொடிக்கு ஏறத்தாழ 217 முறை வெட்டு வெட்டாக அனுப்புகிறது, ஒவ்வொரு வெட்டும் சராசரியை நகர்த்தி விடுவிக்க, 217 ஹெர்ட்ஸ் ஒலி பிறக்கிறது.

இந்த நகர்வு, சிறு அளவுகளில், ஏறிய மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். பலகை வரைகிறவருக்கு இது மிக நல்ல செய்தி. வளையத்தின் பரப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், பிழை நூற்றில் ஒரு பங்காகிவிடும்.

முன்கணிப்பு தருவது உச்சவரம்பு

நடைமுறையில் அலை எத்திசையிலிருந்து வரும், அதன் மின்புலம் எப்பக்கம் சாய்ந்து ஆடும், கருவியைச் சுற்றி எந்த உலோகம் இருக்கும் என்பவை முன்கூட்டித் தெரியா. ஆகவே ‘இத்தடத்தில் 3.72 மில்லிவோல்ட் ஏறும்’ என்று யாராவது சொன்னால், அந்தக் கடைசி இலக்கங்களுக்கு மதிப்பில்லை. பயனுள்ள முன்கணிப்பு, மிக மோசமான கோணத்தை எடுத்துக்கொண்டு, ‘இதற்கு மேல் ஏறாது’ என்று ஓர் உச்சவரம்பைச் சொல்லும். அது சில்லின் தாங்குதிறனுக்கு வெகு கீழே இருந்தால் அந்தத் தடத்தை மறந்துவிடலாம். வெகு மேலே இருந்தால் பலகையை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே விழும் சில தடங்களுக்கு மட்டுமே நுணுக்கமான கணிப்பு தேவை. நூறு தடங்களில் தொண்ணூற்றைந்தை ஒரே மாலையில் ஒதுக்கிவிட உதவுவதுதான் தாள்கணக்கின் வலிமை.

நடுவில் விழும் தடங்களுக்குக் கணினி உருவகப்படுத்தல் கைகொடுக்கும். வெளியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, மின்புலமும் காந்தப்புலமும் எப்படி மாறுகின்றன என்பதைச் சொல்லும் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைக் காலத்தில் படிப்படியாக நகர்த்திச் செல்லும் முறையை யீ என்ற ஆய்வாளர் 1966-ல் வெளியிட்டார். இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் அது உயிரோடிருக்கிறது. பல திசைகளையும் சாய்வுகளையும் தாறுமாறாகத் தேர்ந்து, நூற்றுக்கணக்கான முறை ஓட்டி, விடைகளின் பரவலைப் பார்ப்பதும் உண்டு. ஆனால் திரும்பு வழியைத் தவறாகக் கொடுத்த மாதிரியை எவ்வளவு துல்லியமான மென்பொருளில் ஓட்டினாலும் விடை தவறாகவே வரும்.

முதல் வினாவான புலத்தின் வலிமைக்கும் ஓர் எளிய வழி உண்டு. அனுப்பியின் திறனை வாட்டில் எடுத்து, 30-ஆல் பெருக்கி, இருபடிமூலம் கண்டு, மீட்டரில் தொலைவால் வகுத்தால், மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்பது தோராயமாகக் கிடைக்கும். 5 வாட் வாக்கி-டாக்கிக்கு 1 மீட்டரில் இது ஏறத்தாழ 12. ஆன்டெனாவை மிக நெருங்கினால் இச்சூத்திரம் பொருந்தாது. அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான தொலைவில் மின்புலமும் காந்தப்புலமும் தம் வழக்கமான விகிதத்தைக் கடைப்பிடிப்பதில்லை.

தடங்களைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, கேபிளைச் சொல்லாமல் விட்டால் படம் பிழையாகிவிடும். 1 மீட்டர் கேபிள் 75 மெகாஹெர்ட்ஸிலேயே கால் அலைநீளத்தை எட்டிவிடுகிறது. ஓரிரு நூறு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, பலகையில் நேரடியாக ஏறுவதைக் காட்டிலும் கேபிள் வழியாக உள்ளே வருவதே பெரும்பாலும் பல மடங்கு பெரிது. எனவே தாழ்ந்த அதிர்வெண்ணில் கேபிளையும் அதன் நுழைவாயில் வடிகட்டியையும், உயர்ந்த அதிர்வெண்ணில் தடங்களையும் முதலில் சந்தேகிப்பது நியாயமான வரிசை.

கணக்கும் அளவியும் முரண்படும்போது

கணித்ததைச் சரிபார்க்க ஓர் இயற்பியல் உண்மை துணை நிற்கிறது: ஒரு வளையம் எவ்வளவு எளிதாகப் புலத்தை ஏற்கிறதோ அவ்வளவு எளிதாகப் புலத்தை வெளியிடவும் செய்யும். ஆகையால் பெரிய சோதனைக் கூடம் கிடைக்காதபோது, சந்தேகத்துக்குரிய தடத்தில் சிறு சைகையைச் செலுத்தி, பலகையின்மேல் விரல்நுனி அளவுள்ள ஒரு கம்பி வளையத்தை மெல்ல நகர்த்தி, எங்கே சைகை பலமாகக் கேட்கிறது என்று பார்க்கலாம். பலமாகக் கேட்கும் இடமே உள்ளே விடும் இடமுமாகும்.

தெர்மோகப்பிள் பலகையில் அப்படிப் பார்த்தபோது, கம்பி வளையம் தடத்தின் மேல் அமைதியாக இருந்து, பிளவைக் கடக்கும் இடத்தில் உரக்கப் பேசியது. பிளவின்மேல், தடத்துக்கு நேர் கீழே, ஒரு செப்புத் துண்டை வைத்துப் பற்றவைத்தோம். வாக்கி-டாக்கிக்கு எண் தாவுவது வெகுவாகக் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. மிச்சத்துக்குக் காரணம் வடிகட்டு மின்தேக்கி. கேபிளிலிருந்து வருவதைத் தடுக்க அதை இணைப்பானை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. ஆனால் அது தடத்தின் அந்த முனையை உயர் அதிர்வெண்ணில் தாழ்ந்த இம்பீடன்ஸாக்கி, பெருக்கியின் உயர்ந்த இம்பீடன்ஸ் மறுமுனையில் இருக்க, நடுவிலிருந்த தடத்தைக் கால் அலைநீள ஊஞ்சலாக்கிவிட்டிருந்தது. பெருக்கியின் கால்களை ஒட்டி இன்னொரு சிறு மின்தேக்கியை வைத்ததும் கடைசித் தாவலும் நின்றது.

தாள்கணக்கு இரண்டு மூன்று மடங்கு பிசகினால் அது கோணத்தாலோ முனை இம்பீடன்ஸாலோ வந்ததாக இருக்கும், கவலைப்பட வேண்டியதில்லை. கணக்கு 3 மில்லிவோல்ட் என்று சொல்ல, அளவி 100 மில்லிவோல்ட் காட்டுமானால், சூத்திரத்தைத் திருத்த உட்காருவதற்கு முன் பலகையின் அடுக்குகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, கணக்கில் எழுதாமல் விட்ட வளையம் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்க வேண்டும்.